‘ஆதரவற்றவர்’ என்ற சொல்லை நீக்கக் கோரி

அனுப்புநர்
ர. நீலா (வயது 47),
எண் 14/3, மாதா கோயில் குறுக்குச் சந்து,
திருவொற்றியூர், சென்னை.

பெறுநர்
தனி வட்டாட்சியர் அவர்கள்,
கடலோரச் சாலை விரிவாக்க மறுகுடியமர்வுப் பிரிவு,
திருவொற்றியூர்.

பொருள்: வீட்டுக் கணக்கெடுப்பில் நாங்கள் சொன்ன பொய்யைத் திருத்துதல் – ஐரீன் அவர்களைக் காப்பகத்திற்கு அனுப்பும் உத்தரவை நிறுத்தி வைக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. 11.03.2025 நாளிட்ட கணக்கெடுப்புப் படிவம். 2. 18.08.2025 நாளிட்ட பயனாளிகள் பட்டியல், வரிசை எண்கள் 61, 62.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் எண்ணூர் நெடுஞ்சாலையில் உள்ள லாரி எடைமேடையில் சீட்டு எழுதும் வேலை செய்கிறேன். மேற்கண்ட முகவரியில் ஐரீன் (வயது 54) அவர்களுடன் 2002ஆம் ஆண்டு முதல் வசித்து வருகிறேன். சாலை விரிவாக்கத்திற்காக இடிக்கப்படவுள்ள இந்த வீடு அவர் பெயரில் உள்ளது. நாங்கள் இருவரும் ஒரு குடும்பம். இந்த வாக்கியத்தை நான் எழுதுவது இதுவே முதல் முறை.

2. கடந்த மார்ச் 11ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை, தங்கள் அலுவலகக் கணக்கெடுப்பாளர் செல்வி நர்மதா எங்கள் கதவைத் தட்டினார். எனக்கு அன்று வார விடுப்பு. தட்டிய சத்தம் கேட்டதும் நான் கட்டிலில் இருந்த என் தலையணையை எடுத்து, வாசல் அறையில் பாயை விரித்து அதன் மேல் போட்டேன். ஐரீன் சுவரில் இருந்த எங்கள் இருவரின் புகைப்படத்தைக் கழற்றி அரிசி டின்னுக்குள் வைத்தார். பிறகுதான் தாழ்ப்பாளைத் திறந்தோம். யார் வந்தாலும் நாங்கள் இதைச் செய்வது வழக்கம். கேஸ் சிலிண்டர் போடுபவர் வந்தாலும் இதுதான்.

3. செல்வி நர்மதா மீது எந்தக் குறையும் இல்லை. ‘மதம்’ என்ற இடத்தில் ஐரீன் தயங்காமல் கிறித்தவர் என்றார். ‘உறவுமுறை’ என்ற இடம் வந்தபோது, இந்தத் திட்டத்தின் படிவத்தில் ‘உடன் வாழ்பவர்’ என்று ஒரு கட்டம் இருப்பதாகவும், ஆணா பெண்ணா என்று யாரும் கேட்க மாட்டார்கள் என்றும் அவரே எடுத்துச் சொன்னார். இரண்டு முறை கேட்டார். ஐரீன், “அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா, இவ வாடகைக்குக் கீறா” என்றார். நானும் தலையாட்டினேன். இத்தனை வருடம் கழித்து அரசாங்கமே ஒரு கட்டம் போட்டுக்கொண்டு வீடு தேடி வந்திருக்கிறது, நாங்கள் அதனிடமிருந்தும் ஒளிந்துகொண்டோம்.

4. காரணம் கேட்கப்படும் என்பதால் எழுதுகிறேன். 2004இல் யாரோ கொடுத்த புகாரின் பேரில் எங்கள் இருவரையும் ஒரு காவல் நிலையத்தில் காலையிலிருந்து மாலை வரை நிற்க வைத்தார்கள். வந்து போனவர்களுக்கெல்லாம் எங்களைக் காட்டினார்கள். நிலைமை மாறியிருப்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. 2023இல் ஒருவர் எங்கள் கதவில் அசிங்கமாக எழுதியபோது, புகாரை மரியாதையாக வாங்கிக்கொண்டு அவரை எச்சரித்தார்கள். எங்களுக்கு நாற்காலி போட்டார்கள். ஐரீன் உட்காரவில்லை.

5. மே 27ஆம் தேதி ஐரீன் அவர்களுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் செயலற்றுவிட்டன. பேச்சும் போய்விட்டது. மருத்துவமனையில் என்னை உடன் இருக்க அனுமதித்தார்கள், யார் என்று கேட்கவில்லை. அன்றிலிருந்து எனக்கு எதுவும் உறைப்பதில்லை. கால் மரத்துப்போனால் கொஞ்ச நேரத்தில் குத்தும், எனக்கு அதுகூட இல்லை. வேலைக்குப் போகிறேன், லாரி எண்ணையும் எடையையும் தப்பில்லாமல் எழுதுகிறேன்.

6. மருத்துவமனைத் தகவலையும் சேர்த்துத் தயாரான, பார்வை இரண்டில் கண்ட பட்டியலில் ஐரீன், “தனிநபர், மாற்றுத்திறனாளி, ஆதரவற்றவர் – காப்பகத்திற்குப் பரிந்துரை” என்றும், நான், “வாடகைதாரர் – தகுதியில்லை” என்றும் பதிவாகியுள்ளோம். வரும் 22ஆம் தேதி திங்கட்கிழமை அவரை அழைத்துப்போக வண்டி வரும் என்று தகவல். அவருடைய மதத்தைக் கவனித்து, ஞாயிறு பூசை நடக்கும் காப்பகமாகப் பார்த்து ஒதுக்கியிருக்கிறீர்கள். இதற்கு நன்றி. புதிய குடியிருப்பில் ஜெபக்கூடம் வேண்டுமென்று எங்கள் சந்தினர் கொடுத்த மனுவும் மூன்றே வாரத்தில் ஏற்கப்பட்டது. அந்த மனுவை எழுதிக் கொடுத்தது நான்தான். ஊருக்கெல்லாம் மனு எழுதிய எனக்கு என் வீட்டுக்கு ஒன்று எழுத இத்தனை நாளாகியிருக்கிறது.

7. செப்டம்பர் 2ஆம் தேதி தங்கள் அலுவலகத்திற்கு வந்தேன். எழுத்தர் என்னை உட்கார வைத்துப் பேசினார். விதி இப்போது இடம் கொடுக்கிறது, சேர்ந்து வாழ்ந்ததற்கு ஆதாரம் மட்டும் கொடுங்கள் என்றார். கூட்டு வங்கிக் கணக்கு இல்லை. ரேஷன் அட்டை தனித்தனி. கடிதங்களைப் படித்ததும் கிழித்துவிடுவோம். மற்றவர்கள் ஆதாரத்தைச் சேர்த்து வைப்பார்கள், நாங்கள் அதை அழிப்பதில்தான் கவனமாக இருந்தோம். புகைப்படமாவது உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அதுவும் பொய். ஏன் சொன்னேன் என்று வெளியே வந்த பிறகு எனக்கே தெரியவில்லை.

8. பக்கத்து வீட்டுக்காரரும் எங்கள் சந்தின் ஜெபக்குழுவான அன்பியத்தின் பொறுப்பாளருமான திரு. தாமஸ் அவர்களிடம் சாட்சிக் கையெழுத்துக் கேட்டேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் பட்டியல், வண்டி, தேதி என்று சுற்றி வளைத்துக்கொண்டிருந்தேன். அவர், “இன்னாத்துக்கு இவ்ளோ இழுக்குற? இந்தச் சந்துக்கே தெரியும். நீங்களா சொல்லுவீங்கன்னு கம்முனு கீறோம்” என்று சொல்லிக் கையெழுத்திட்டார். அவர் மனைவி திருமதி ஜானட் கையெழுத்திடவில்லை. மகளுக்கு வரன் பார்க்கிறார்கள், பெயர் அடிபடும் என்றார். மீன் குழம்பு கொடுத்தனுப்பினார். அவர் மீது எனக்கு வருத்தம் இல்லை. எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை எல்லோரிடமும் மறைத்தே இருபத்து மூன்று வருடம் போய்விட்டதே என்பதுதான் வருத்தம்.

9. இனி மிக முக்கியமான ஒன்று. ஐரீன் அவர்களின் வாயில் இப்போது ஒரே ஒரு சொல்தான் மிஞ்சியிருக்கிறது. தாகத்திற்கும் அதுதான், வலிக்கும் அதுதான், மின்விசிறியை நிறுத்தவும் அதுதான். அந்தச் சொல் என் பெயர். எப்படிச் சொன்னால் தண்ணீர், எப்படிச் சொன்னால் வலி என்று எனக்குத் தெரியும். காப்பகத்தில் அவர் தண்ணீர் கேட்டால், யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்துப் போய்விடுவார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

10. ஆகவே, 22ஆம் தேதி வரவிருக்கும் வண்டியை நிறுத்தவும், வரிசை எண் 61இல் ‘ஆதரவற்றவர்’ என்ற சொல்லை நீக்கவும், புதிய குடியிருப்பில் எங்கள் இருவரையும் ஒரே வீட்டில் வைக்கவும் உத்தரவிட வேண்டுகிறேன். என் பேச்சை மட்டும் நம்ப முடியாது என்பது நியாயம்தான், ஏற்கெனவே இரண்டு முறை பொய் சொன்னவள் நான். செல்வி நர்மதா அவர்களை இன்னும் ஒருமுறை அனுப்பி, அதே கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள். எந்த நேரமானாலும் சரி, சொல்லாமல் வந்தாலும் சரி. தலையணை கட்டிலிலேயே இருக்கும்.

இடம்: திருவொற்றியூர்
நாள்: 16.09.2025

மேற்கண்டவை அனைத்தும் உண்மையென, இம்முறை, உறுதி கூறும்

ர. நீலா

ஐரீன் – இடது பெருவிரல் ரேகை (முழு மனுவும் வாசித்துக் காட்டப்பட்டது)

இணைப்பு:
1. மருத்துவமனைச் சீட்டு நகல்.
2. திரு. தாமஸ் அவர்களின் சாட்சிக் கடிதம்.
3. அரிசி டின்னில் இருந்த புகைப்படம், ஒன்று. வேறு பிரதி இல்லை. பார்த்துவிட்டுத் திருப்பித் தரவும், சுவரில் மாட்ட வேண்டும்.