முதலில் தூக்கிய கை

தலாஸ், கிர்கிஸ்தான், அக்டோபர் 1995

அன்பு மகள் அகாத்தாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நான் சுகம், இந்த வயதில் இவ்வளவு சுகம் எனக்குத் தேவையில்லை. ஜெர்மனியில் நீயும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். நீ போன பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது, அம்மா செத்ததைக்கூட அத்தைதான் உனக்கு எழுதினாள். உருளைக்கிழங்கு தோண்டியாயிற்று, நல்ல விளைச்சல், தின்னத்தான் ஆளில்லை. அங்கே போன நம் ஊர்க்காரர்களும் திருவிருந்தில் உனக்கு ரொட்டி தராமல் தாண்டிப் போகிறார்களாம், அம்மாவுக்கு மட்டும் ஏன் இல்லை என்று குழந்தை கேட்கிறாளாம். அத்தை எழுதியிருந்தாள்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். வேதாகமம் வைத்திருந்தாலே சிறை என்றிருந்த அந்தச் சோவியத் நாட்களில், மூப்பர் அப்ராம் வீட்டு நிலவறையில் வேதாகமங்கள் இருப்பதைப் போலீசிடம் சொன்னது நீ இல்லை, நான். அடிக்கவில்லை, மிரட்டவில்லை, உட்காரவைத்து டீ கொடுத்தார்கள், சொல்லிவிட்டேன். அப்ராம் மூன்று வருஷம் சிறையில் கிடந்து பல்லில்லாமல் திரும்பினார். அரசுக் கூட்டுப்பண்ணை அலுவலகத்தில் தட்டச்சு செய்தவள், அதிகாரிகளோடு பழகியவள் என்று பழி உன்மேல் விழுந்தது. உன்னைச் சபையிலிருந்து விலக்கக் கை தூக்கச் சொன்னபோது முதல் கை என்னுடையது, பெற்றவனே தூக்கிவிட்டான் என்றுதான் மற்றவர்களும் தூக்கினார்கள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், எனக்குக் குறுகுறுக்கவில்லை. கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று வாயை மூடிக்கொண்டு, அதற்கு விசுவாசம் என்று பெயரும் வைத்திருந்தேன்.

அத்தை கடிதம் வந்த பிறகு, போன ஞாயிறு சபை நடுவில் முழங்காலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். காறித் துப்புவார்கள் என்று நினைத்தேன், பாட்டுப் பாடினார்கள். அப்ராம் கட்டிப்பிடித்து அழுதார். பெண்கள் பிளம்ஸ் சூப் ஊற்றினார்கள், நானும் வெட்கமில்லாமல் இரண்டு கிண்ணம் குடித்தேன். உன் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. நானே அப்ராமிடம், மகளைத் திரும்பச் சேர்க்கக் கை தூக்கச் சொல்லுங்கள் என்றேன். "முறைன்னு ஒண்ணு இருக்கே அண்ணே, அவளும் வந்து முழங்கால் போடட்டும்" என்றார். எதற்கு என்று கேட்டேன். "இத்தனை வருஷமா நம்ம மேல கசப்பு வச்சிருந்தாளே, அதுக்கு." மண்டு மாதிரித் தலையாட்டிவிட்டு வந்தேன். பக்கத்து வீட்டுக் கிர்கிஸ்காரி ஐகுல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஆட்டைக் கேக்காம ஓநாய்ங்களே ஒண்ணையொண்ணு மன்னிச்சுக்கிட்டீங்களாக்கும்" என்றாள்.

சபையில் சொல்லாத ஒன்றும் இருக்கிறது. அம்மா சாவதற்கு முன் என் கையைப் பிடித்து, "நிஜமா அகாத்தாதான் சொன்னாளா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நீ வந்து முழங்கால் போட வேண்டாம், என்னை மன்னிக்கவும் வேண்டாம். கடைசி பெஞ்சில், விலக்கிய பிறகு நீ உட்கார்ந்த இடத்தில் இனி நான் உட்காருவேன், ரொட்டி வந்தால் தொடமாட்டேன். கர்த்தர் என்னை என்ன செய்தாலும் சரி, அவரைத்தான் நம்பியிருக்கிறேன். குளிர் வருகிறது, உனக்குச் சளி பிடிக்கும், நெஞ்சை மூடிக்கொள். உன்னை ஆசீர்வதிக்க எனக்கு வாய் வரவில்லை, அவரே ஆசீர்வதிப்பார். மறக்காமல் இதை அங்குள்ள மூப்பரிடம் கொடு, எல்லோர் காதிலும் விழ வாசிக்கட்டும். கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள் என்று அப்ராமிடம் சாட்சிக் கையெழுத்துக் கேட்டேன். சபை மானம் போய்விடும் என்று போட மறுத்துவிட்டார்.

உன் அப்பா,
அப்ராமைக் காட்டிக்கொடுத்த
கொர்னேலியஸ் டிர்க்சன்

சாட்சி: ஐகுல், பக்கத்து வீடு