மறுபடியும் மேலே வந்த கெண்டைகள்

கோபத்திலும் நான் வரும்வரை சாப்பிடாமல் காத்திருந்த என் யாழினியின் அப்பாவுக்கு,

குட்டையில் கெண்டைகள் மறுபடியும் மேலே வந்துவிட்டன. வயிறு உப்பி, ஒரு பக்கம் சாய்ந்து, ஆள் நிழல் விழுந்தாலும் அடிக்குப் போகாமல் நீந்துகின்றன. நம் லயத்து வீட்டு வரிசைக்குக் கீழே நீங்கள் வெட்டிய அதே குட்டைதான். மீன்கள் மட்டும் நீங்கள் போன பிறகு நான் வாங்கி விட்ட புதுக் குஞ்சுகள். பார்த்ததும் உங்கள் குரல்தான் எனக்குள் கேட்டது: "உங்க அண்ணன் வேலைதான்."

அன்றைக்கு முதல் மீன்கள் இப்படி மேலே வந்து செத்தபோது உங்களுக்குச் சந்தேகம் வந்ததில் அதிசயமில்லை. செல்வம் அண்ணன் அப்போது தேயிலைத் தோட்டத்தில் புல் சாக மருந்தடித்துக்கொண்டிருந்தார். முதுகில் மாட்டுகிற மருந்துத் தொட்டியை ஓடையில் கழுவக்கூடாது என்று தோட்டத்துத் துரை எத்தனை சத்தம் போட்டாலும் களைத்து வருகிறவர்கள் அங்கேதான் கழுவுவார்கள். குட்டைக்குத் தண்ணீர் வருகிற ஓடைக் கல்லில் அண்ணனின் தொட்டி கவிழ்ந்து கிடந்ததை நீங்கள் பார்த்தீர்கள். நானும் பார்த்தேன்.

மாரியம்மன் முன்னால் எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையில் அணைத்து அண்ணன் சத்தியம் செய்தார். "பொய் சொல்றவனுக்குத்தான் கற்பூரம் அவசரமா வேணும்" என்று நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். "ஒரு மீனையாவது அறுத்துப் பாருங்க மச்சான்" என்று கெஞ்சினார். "விஷ மீனை அறுக்கவா? அந்தக் கத்தி பட்டு என் பிள்ளை வாய்க்குப் போகவா?" என்று கத்திவிட்டு, ஒன்று விடாமல் பலா மரத்தடியில் புதைத்தீர்கள். அதோடு இரண்டு வீட்டுப் பேச்சும் நின்றது.

பதுளை ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தபோதும் அதைத்தான் சொன்னீர்கள். "பிள்ளைக்குக் காது குத்தறப்ப அவன் மடியில உட்கார வச்சிடாத." நான் தலையாட்டினேன். உங்கள் ஆண்டுத் திதி முடிந்துவிட்டது. தையில் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடி இல்லாமல் எப்படிக் குத்துவது? நீங்கள் அதைச் சொல்லாமலேயே போய்விட்டீர்கள்.

அண்ணன் இப்போது மருந்தடிப்பதில்லை. ஹாலிஎலையில் ஒரு கடையில் வேலை செய்கிறார். போன வாரம் கொய்யாப்பழத்தோடு பிள்ளையைப் பார்க்க வந்தார். பிள்ளையைப் பார்க்க வந்தவர் குட்டையோரம் ஏன் நின்றார்? நான் எட்டிப் பார்த்ததும் ஏன் கையைத் துண்டில் துடைத்தார்? அதற்கப்புறம்தான் மீன்கள் மேலே வந்தன. அதற்கு முன்பே வந்திருந்தனவா, நான்தான் கவனிக்கவில்லையா? யோசித்து யோசித்து எனக்குத் தூக்கமே போய்விட்டது.

அண்ணனை ஆதாரத்தோடு பிடிக்கத்தான் ஒரு கெண்டையைப் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்து விஞ்ஞான டீச்சரிடம் போனேன். லுணுகலையிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். கையுறை போட்டு வயிற்றைக் கீறினார். உள்ளேயிருந்து வெள்ளையாக, ரிப்பன் மாதிரித் தட்டையாக ஒரு புழு வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. நெளிந்தது. நான் பின்னால் போய் மேசையில் இடித்துக்கொண்டேன்.

"மருந்து இல்லையா டீச்சர்?"

"ஒட்டுண்ணிங்க. நீர்க்காகத்தோட எச்சத்துல இதோட முட்டை தண்ணிக்கு வருது. கண்ணுக்குத் தெரியாத பூச்சி அதைத் தின்னும், பூச்சிய மீன் தின்னும். மீனுக்குள்ள இது இப்படி வளர்ந்துடும். ஆனா முட்டை போடணும்னா மறுபடி பறவை வயித்துக்குத்தான் போகணும்."

"அதுக்கு?"

"அதுக்குத்தான் மீன் மேலேயே சுத்துது. பறவை சுலபமா கொத்திடும்."

மீனுக்குள் இருந்துகொண்டு மீனையே சாகக் கூப்பிடுகிறதாம். இப்படியும் உண்டா? வீட்டுக்கு வந்து குட்டையோரக் கட்டையில் பார்த்தால், அந்த நீர்க்காகம் ஒன்றும் அறியாததுபோல இறகை விரித்து வெயில் காய்கிறது. கல்லை எடுத்து எறிந்தேன். நகர்ந்து உட்கார்ந்ததே தவிரப் போகவில்லை.

"அப்ப அன்னைக்கு செத்த மீனும் இதாலதானா டீச்சர்?" என்று அங்கிருந்து கிளம்பும்போதே கேட்டிருந்தேன். "நான் அதைப் பாக்கலையே. அறுத்துப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றார். வரும் வழியெல்லாம் உங்கள் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அறுக்கச் சொன்னவர் அண்ணன். மறுத்தவர் நீங்கள். செத்துப்போனவரோடு எப்படிச் சண்டை போடுவது?

அண்ணனுக்கு போன் போட்டேன். நான் வாயைத் திறக்குமுன் "குட்டையில மீனெல்லாம் மேல வருதே தங்கச்சி, பாத்தியா? ஒண்ணைப் பிடிச்சுப் பாத்தேன், வயிறு கல்லாட்டம் இருக்கு. சொன்னா நீயும் என்னையத்தான் சொல்லுவியோன்னு பயந்து வந்துட்டேன்" என்றார். அந்தக் குரல் பயந்த குரல்தான். ஆனாலும், தொட்டி ஏன் அந்தக் கல்லில் இருந்தது என்று கேட்டேன். "கழுவத்தான் கொண்டு போனேன். பிள்ளைக்குப் பிடிச்ச மீனாச்சேன்னு கழுவாமத் தூக்கிட்டு வந்துட்டேன்" என்றார்.

நம்புகிறேனா? தெரியவில்லை. பாதி நம்புகிறேன். மீதிப் பாதி உங்களோடு நிற்கிறது.

உங்கள் பேச்சை மீறப்போகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். தையில் நம் பிள்ளை மாமன் மடியில்தான் உட்காருவாள். அவர் கை நடுங்குகிறதா என்று நான் எதிரில் நின்று பார்ப்பேன். அந்தப் புத்தி என்னை விட்டுப் போகாது. ஆனால், மாமா ஏன் இத்தனை நாள் வீட்டுக்கு வரவில்லை என்று அவள் கேட்டால், என் வாயிலிருந்து ஒரு சொல்லும் வராது. நீங்கள் என்னிடம் விட்டுப்போன சந்தேகம் என்னோடு முடியும். அவளுக்குப் போகாது. இது சத்தியம்.

இப்படிக்கு,
செல்வத்தின் தங்கை, உங்கள் யாழினியின் அம்மா