போட்டு வாறன் தையல்

நீ இல்லாத இடத்துக்கு எழுதுகிறேன், குறை நினைக்காதே. எதிரில் இருந்தபோதே உன்னிடம் பாதிப் பேச்சை விழுங்கியவள் நான். இப்போது வந்து நீட்டி எழுதுவது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

போன ஞாயிறு உன் அம்மா வின்டர்தூர் நகரில் என் அறைக்கு வந்தார். கையிலிருந்த பையில் உன் தையல் வளையம், துணி இன்னும் இறுக்கியபடி. ஆஸ்பத்திரிச் சவர்க்கார வாசனை அதை விட்டுப் போகவில்லை. துணி முழுக்க நீலப் பட்டுநூலில் எட்டு முனை நட்சத்திரங்கள். ஆனால் எல்லாக் கோடுகளும் விட்டு விட்டுத்தான் ஓடுகின்றன.

"இது என்ன பிள்ளை, பாதி பாதியாக் கிடக்கு? பிழைச்சுப்போச்சோ?"

"பிழையில்லை அன்ரி" என்றேன். வளையத்தை வாங்கி மேசையில் வைத்தேன்.

எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். மம்லூக் சுல்தான்கள் காலத்து எகிப்தியப் பூவேலை பற்றித்தான் என் ஆய்வு. ஹோட்டல் குசினியில் சமைக்கும் அப்பாவுக்கு அதை விளக்க எனக்குத் தெரியவில்லை. உனக்கு விளக்கினேன். அருங்காட்சியகத்தில் அந்தக் காலத்து லினன் துண்டு ஒன்றுக்கு முன்னால் கண்ணாடியில் மூக்கு முட்ட நீ நின்றாய். ஊசி சில இழைகளை மூடி, அடுத்த சிலதை விட்டு, நட்சத்திரத்தைச் சுற்றிப் போகும். பிறகு அதே வழியில் திரும்பி, விட்ட இடங்களை நிரப்பும். இரண்டு பக்கமும் ஒரேமாதிரி வரும். நான் சொல்லி முடிக்குமுன் சிரித்தாய்.

"எடி, இது எங்கட அம்மாவின்ர 'போட்டு வாறன்' எல்லோ."

சின்ன வயதில் நீ சுவிஸ் ஜெர்மனில் நினைத்துக்கொண்டு வாசலில் "நான் போறன்" என்று சொல்லிவிடுவாய். அன்ரிக்கு அது ஆகாது. கூப்பிட்டுக் கதிரையில் இருத்தி, தண்ணீர் குடிக்கவைத்து, போய்விட்டுத் திரும்பி வருவேன் என்ற பொருளில் "போட்டு வாறன்" என்று சொல்லவைத்துத்தான் விடுவார். அதற்குள் பஸ் போய்விடும். அந்தக் கண்ணாடிக்கு முன்னால்தான் 'போட்டு வாறன் தையல்' என்று அதற்குப் பேர் வந்தது.

ஆய்வுக்கு ஒரு மாதிரித் துண்டு தைத்துத் தருவாயா என்று கேட்டேன். என் கைக்கு இழை எண்ண வராது.

"நீ தைச்சா நட்சத்திரத்துக்கு வால் முளைக்கும். என்ர துணியைத் தொடாத" என்றாய்.

பிறகு உனக்கு நோய் வந்தது. வளையத்தையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாய். நான் வரும்போதெல்லாம் கேட்பாய்.

"எப்ப குடுக்கவேணும்? கெதியாத் தைக்கோணுமோ?"

"ஆறுதலாத் தையடி. அவசரமில்லை."

அவசரமில்லைதான். உன் மாதிரித் துண்டு இல்லாமலே ஆய்வைக் கொடுத்து, புள்ளியும் வந்துவிட்டது. அதை உன்னிடம் மறைத்தேன். சொன்னால் ஊசியைக் கீழே வைத்துவிடுவாய் என்று பயந்தேன். வைத்துவிட்டால் உன் கட்டிலருகே இருந்து எதைக் கதைப்பது என்றும் பயந்தேன். விரல்கள் வீங்கிய நாட்களிலும் நீ எனக்காகத் தைத்தாய். தேவையில்லாத ஒன்றுக்கு உன்னை வேலை வாங்கினேனோ, பிடித்துக்கொள்ள உனக்கு ஒன்றைத் தந்தேனோ, தெரியவில்லை. எனக்கு வசதியான பதிலை நம்ப மனம் வரவில்லை.

உன் ஆண்டுத் திவசத்துக்கு இதைச் சட்டம் போட்டு உன் படத்துக்குப் பக்கத்தில் மாட்ட அன்ரிக்கு ஆசை.

"இப்பிடியே மாட்டுறதோ பிள்ளை? உனக்குத்தானே தெரியும். பாத்துச் செய்" என்று என்னிடம் விட்டுவிட்டு, வாசலில் "வாறன்" என்றார்.

அவர் போன பிறகு துணியைத் திருப்பிப் பார்த்தேன். போகும் வழி முழுவதையும் தைத்து முடித்திருக்கிறாய். கடைசி முனையில் ஊசி குத்தியபடி நிற்கிறது. நூலை நீ வெட்டவில்லை.

அன்றிலிருந்து ஒரு பழைய தலையணை உறையில் இழை எண்ணிப் பழகுகிறேன். வால் இன்னும் முளைக்கிறது, முன்னைவிடக் குட்டையாக.

தொடாதே என்று நீ சொன்னது மறக்கவில்லை. இருந்தாலும் கேட்கிறேன், எடி. திரும்பி வாற வழியை நான் தைக்கட்டோ?