பூங்காவனம் தானே எடுத்துக் குடித்த தண்ணீர்

என் காளியம்மாவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இதுவரை உனக்கு ஒரு வரி எழுதவில்லை. ஐந்தாவது வரை படித்தவன், எழுதத் தெரியாமல் இல்லை. எழுத உட்கார்ந்தால் எதைச் சொல்ல வேண்டிவரும் என்று தெரியும், அதனால்தான் தள்ளிப் போட்டேன். போன வாரம் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உன் மகள் பூங்காவனத்துக்கு வரும் தையில் இரண்டு வயது. அடம் என்றால் அப்படி ஓர் அடம். ஊட்டப் போனால் கையைத் தட்டிவிட்டு "நானு" என்கிறாள். சாமைச் சோறு ஆகாது, களிதான் வேண்டும், அதுவும் புளிக்குழம்பு ஊற்றி. கவுனைக் கழற்றி எறிந்துவிட்டு என் சிவப்புத் துண்டைச் சுற்றிக்கொண்டு திரிகிறாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்திருக்கும் என் அக்கா, "அப்டியே அவ அம்மாக்காரிதாண்டா" என்கிறாள். எனக்கு அது பிடித்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை விடியும்போது அவளுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. உச்சிப்பொழுதுக்குள் கண் குழிவிழுந்து, உதடு காய்ந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போக மறுநாள்தான் ஜீப் வரும்.

"தண்ணி மட்டும் காட்டாத தம்பி. குடிக்கக் குடிக்க இன்னும் போவும்" என்றாள் அக்கா. நம் ஊரில் எல்லா வீட்டிலும் அப்படித்தானே? நானும் குடத்தை மூலைக்குத் தள்ளி, தட்டுப் போட்டு மூடினேன்.

பூங்காவனம் அழுதாள், கண்ணீர் வரவில்லை. அண்ணாமலைக்கும் இப்படித்தானே ஆயிற்று? நம் மூத்தவன், மூன்று வயதுப் பிள்ளை, காலையிலிருந்து "அப்பா, தண்ணி" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். மனசு கேட்காமல் நீ சொம்பை எடுத்தாய். நான்தான் பிடுங்கி வைத்தேன். பிள்ளையைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன். பொழுது சாய்வதற்குள் போய்விட்டான்.

இவள் யாரையும் கேட்கவில்லை. நான் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் பாயிலிருந்து இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு குடத்தண்டை போய்விட்டாள். தட்டு விழுந்த சத்தத்தில் ஓடினேன். உள்ளங்கையால் அள்ளி அள்ளிக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடா பாத்துக்குனு நிக்கற, தூக்குடா அவள" என்று அக்கா கத்தினாள். கையை நீட்டினேன். பூங்காவனம் அதைத் தள்ளிவிட்டு, "நானு" என்றாள், மூச்சு வாங்க.

இன்னொரு முறை பிடுங்க என்னால் முடியவில்லை, காளியம்மா. குடத்தைச் சாய்த்துப் பிடித்தேன். குடித்தாள், வாந்தியெடுத்தாள், மறுபடி குடித்தாள். என் கையாலேயே கொன்றுவிட்டேனோ என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அக்கா என் முகத்தையே பார்க்கவில்லை. பொழுது இறங்கும்போது பூங்காவனம் ஒன்றுக்குப் போய்ப் பாயை நனைத்தாள். அப்புறம் அழுதாள், கண்ணீரோடு.

மறுநாள் ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரியில் நர்சம்மா, "தண்ணி குடுத்தீங்களா?" என்று கேட்டார். திட்டப்போகிறார் என்று பயந்து, "நான் குடுக்கலீங்க, அதுவே எடுத்துக் குடிச்சிட்டுதுங்க" என்றேன்.

"அதான் பொழச்சிருக்குது. உப்பும் சர்க்கரையும் போட்டு நெறைய குடுங்க. இந்த மாதிரி நேரத்துல தண்ணிய நிறுத்துனாதான் புள்ள பூடும்" என்றார்.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளை பிழைத்த சந்தோஷம் என்று நினைத்திருப்பார். நீ எடுத்த சொம்பு சரி, என் கைதான் தப்பு. இதைக் கேட்க நீ இல்லையே. இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

அண்ணாமலை அங்கே உன் பக்கத்தில்தான் இருக்கிறான் என்று நினைத்துக்கொள்கிறேன். அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாய் அல்லவா?

இனி நம் ஊரில் எந்தப் பிள்ளைக்கு வயிற்றால் போனாலும், கூப்பிடாமலே அந்த வீட்டுக்குப் போவேன். தண்ணீர் கொடுங்கள் என்பேன். உனக்கென்ன தெரியும் என்று கேட்டால் நம் பிள்ளையின் பெயரைச் சொல்வேன். சொம்பைப் பிடுங்கியவன் யார் என்பதையும் சொல்வேன்.

அண்ணாமலைக்கும் பூங்காவனத்துக்கும் அப்பன்