ஈஸ்வரியின் கயாக்கும் பருத்திமார்க் கட்டும்

காளியம்மன் துணை

திருச்சுழி பக்கம் நம் வீட்டிலிருந்து,
மாசி மாதம், வெள்ளிக்கிழமை

அன்புப் பேத்தி ஈஸ்வரிக்கு உன் அப்பத்தா எழுதுவது. இங்கே ஒருத்தருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, என் முழங்காலும் மழை விட்டபிறகு சொன்னபடி கேட்கிறது, கடல் தாண்டி நியூசிலாந்தில் இருக்கிற உனக்கும் ஒரு குறையும் வரக்கூடாது என்று விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். முதலில் நல்ல சேதி எல்லாம் சொல்லிவிடுகிறேன். உன் தம்பி மதன்குமார் பரீட்சையில் தேறி திருச்சுழி தாலுகா ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான், இஸ்திரி போட்ட சட்டையோடு பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் வாங்க சார் என்கிறாராம். உன் சித்தப்பா மகன் அழகுராஜா லோனில் லோடு வண்டி எடுத்து பந்தல்குடியில் நிறுத்தியிருக்கிறான், அருப்புக்கோட்டை பஞ்சு மூட்டைக்கெல்லாம் அவனைத்தான் தேடிப்பிடித்துக் கூப்பிடுகிறார்கள். நீ நர்ஸு வேலையில் ஒரு மாடி முழுக்கப் பார்த்துக்கொள்கிற பொறுப்புக்கு வந்துவிட்டாய். அதற்கெல்லாம் மேலே, வருஷத்தில் பாதி நாள் கண்மாய் வெடித்துக் கிடக்கிற ஊரில் பிறந்துவிட்டு, அங்கே போய் நீச்சல் படித்து, கயாக் என்கிற அந்தச் சின்னப் படகில் கடல் மேல் ஒற்றை ஆளாக உட்கார்ந்து மீன் பிடிக்கிறாய். நம் வம்சத்தில் இது யாரும் செய்யாதது. நீ போனில் அனுப்பிய மீன் படத்தைத் தெரு முழுக்கக் காட்டினேன். மீன் கொண்டுவருகிற முத்துமாரியம்மாள் பார்த்துவிட்டு, "இது சங்கரா சாதிதேன், ஆனா இம்புட்டுப் பெருசு நான் கண்டதில்ல, ஒம் பேத்தி பிடிச்சாளா, இல்ல கடையில வாங்கிக் கையில வச்சிருக்காளா" என்றாள். நான் விடவில்லை, மீன் வாயில் தூண்டில் முள் மாட்டியிருப்பதைப் பெரிதாக்கிக் காட்டிய பிறகுதான் கூடையைத் தூக்கினாள்.

போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் உங்கப்பன் காதில் விழும், அவன் காதில் விழாமல் அவனைப் பற்றியே உனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. போன மாதம் நீ ஒரு சேதி சொன்னாயே, வாடகைக்கு எடுத்த பெடல் கயாக்கோடு கரைக்கு வந்தபோது தூக்கிவிட வரவேண்டிய தோழி வரவில்லை, கனத்தில் அதை மேலே இழுக்க முடியவில்லை, அலை ஏறிக்கொண்டே வந்தது, இருட்டும்வரை இடுப்புத் தண்ணீரில் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன் என்று. நீ சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். உங்கப்பன் சின்னச்சாமி சோற்றுக் கையோடு எழுந்துபோய்விட்டான். "அவ கடலுக்குப் போறத விடுற வரைக்கும் எங்கிட்ட போனக் குடுக்காதீக" என்று சொன்னவன், இன்றுவரை உன்னோடு பேசவில்லை. கோபம் இல்லை தாயி, பயம். ஆனால் பயத்தைச் சொல்ல அவனுக்குத் தெரியாது.

இதற்கு நடுவில் நீ சொந்தமாக ஒரு கயாக் வாங்கப்போகிறேன், துடுப்புப் போடுகிறதா, பெடல் மிதிக்கிறதா, நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டாய். வீட்டில் நாலு நாளாக அதே பேச்சு. மதன்குமார் படம் எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு பெடல்தான் நல்லது என்றான், கால் வேலை பார்க்கும், இரண்டு கையும் தூண்டிலுக்கு இருக்கும், காற்று அடித்தாலும் மிதித்து ஒரே இடத்தில் நிற்கலாம் என்று. கனமாயிற்றே, யார் தூக்குவது என்று நான் கேட்டேன். உங்கம்மா தங்கலட்சுமி அடுப்படியில் இருந்தபடியே, "தூக்கிவிட ஆளு வேணும்னா கல்யாணத்தப் பண்ணிக்கிடச் சொல்லுங்க அத்தை" என்றாள். அதற்கு உங்கப்பன், "ஏன், படகு தூக்கத்தேன் மாப்பிள்ளை பாக்கணுமாக்கும்" என்றான். எல்லாரும் சிரித்தோம், அவனுக்கும் உதட்டில் சிரிப்பு வந்தது, உன் பேரை எடுத்ததும் துண்டை உதறிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

நீ கேட்டதற்குப் பார்க்காமல் பதில் சொல்லக்கூடாது என்று நான் கண்மாய்க்கரைக்குப் போனேன். இந்த வருஷம் கண்மாய் நிறைந்து கிடக்கிறது, மீன் குத்தகை எடுத்திருக்கிற மாரிச்சாமி லாரி டியூப்பில் உட்கார்ந்து, தண்ணீருக்குள் காலை உதைத்து உதைத்துப் போகிறார், இரண்டு கையும் வலையை விடுகிறது. அவரோடு வந்த காளிராஜ் தெர்மாக்கோல் மேல் உட்கார்ந்து பலகையால் துழாவிப் போகிறான். வலையை இழுக்கப் பலகையைக் கீழே வைத்தானோ இல்லையோ, காற்று அவனைச் சுற்றிவிடுகிறது. மாரிச்சாமி, "ஏலே, வலைய இழுக்கியா, ராட்டினம் ஆடுறியா" என்று சத்தம் போடுகிறார். சரி, காலால் மிதிக்கிறதுதான் மேல் என்று நானும் முடிவுக்கு வந்தேன். திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் உங்கப்பன் நிற்கிறான். என்னைத் தேடி வந்தவன் மாதிரி வந்து, தண்ணீரையே பார்த்துக்கொண்டு, "காலுல போறதுதேன் வாகு" என்றான். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, ஆனால் அவன் மனசு எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாதா.

ஆனால் கேள், மாரிச்சாமி கரைக்கு வந்ததும் டியூப்பை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு கையில் வலை, ஒரு கையில் மீன் பையோடு செங்குத்தான கரையில் விறுவிறு என்று ஏறிப் போய்விட்டார். யாரையும் கூப்பிடவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு, பஞ்சு எடுத்து முடிந்த செடியைப் பிடுங்கி விறகுக்குக் கட்டுகிற பருத்திமார்க் கட்டு ஞாபகம் வந்தது. நீயே உங்கம்மாவோடு புஞ்சைக்கு வந்து பார்த்திருக்கிறாய். மார் பிடுங்கி முடித்ததும் ஆளோடு ஆள் இருந்தால் பெரிய கட்டாகக் கட்டுவோம், ஒருத்திக்கு ஒருத்தி தலைக்குத் தூக்கிவிடுவோம். ஒத்தையில் போனால் எவ்வளவு மார் கிடந்தாலும் தன்னால் தூக்கித் தலையில் வைக்கிற அளவுக்குத்தான் கட்டுவோம். மிச்சம் புஞ்சையில் கிடக்கட்டும், தூக்கிவிட ஆளைப் பார்த்துப் பொழுது சாய நிற்கக்கூடாது. உனக்கு அன்றைக்கு நடந்தது அதுதான். கடல் உன்னை ஒன்றும் செய்யவில்லை தாயி, நீ ஓட்டிக்கொண்டு பத்திரமாகக் கரைக்கு வந்துவிட்டாய். கட்டுதான் பெரிதாகிப்போனது. சக்கர வண்டி வைத்து இழுக்கலாம் என்றாய், மணலில் சக்கரம் புதைகிறது என்றும் நீயேதான் சொன்னாய். அதனால் கனம் குறைந்த, துடுப்புப் போடுகிறதையே வாங்கு. கை ஓயாதுதான், காற்றில் சுற்றத்தான் செய்யும், மீன் ஒன்றிரண்டு குறையும், குறையட்டும். தோழி வந்தால் பேச்சுத்துணை, வராவிட்டாலும் நீ வீடு போய்ச் சேரலாம். கடைக்குப் போனால் முதலில் அதைத் தூக்கிப் பார், ஓட்டிப் பார்ப்பது அப்புறம். துடுப்பை ஒரு கயிற்றால் படகோடு கட்டிவை, மீன் இழுக்கிற அவசரத்தில் கைவிட்டுப் போகும். மிதக்கிற அந்த ஆரஞ்சுச் சட்டையைப் புழுக்கம் என்று கழற்றாதே. ராத்திரி டூட்டி பார்த்த மறுநாள் தண்ணீருக்குப் போகாதே, தூங்கு.

கரையிலிருந்து திரும்பும்போது இதையெல்லாம் உங்கப்பனிடமும் சொன்னேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, வைக்கோல் போட்டு, எல்லாம் முடித்துவிட்டு வந்து, "அந்தத் துடுப்புப் படகு எம்புட்டுக் கனம் இருக்குமாம்" என்று கேட்டான். மதன்குமார் போனில் பார்த்துச் சொன்ன எடை எனக்கு ஞாபகம் இருக்கிறது, ஆனாலும் தெரியாது என்று சொல்லிவிட்டேன். உன்னிடமே கேட்கட்டும்.

வேளைக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதை மூடிக்கொள். நீ தொட்டது எல்லாம் துலங்க வேண்டும், நீ இறங்கிய தண்ணீர் எல்லாம் உன்னைப் பத்திரமாகக் கரையில் விடவேண்டும், அப்பத்தாவின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. விலாசத்தை இங்கிலீஷில் மதன்குமார் எழுதித்தருகிறான், அவனும் வாயைத் திறக்கமாட்டேன் என்று சொல்லியிருக்கிறான்.

இப்படிக்கு,
உன் அப்பத்தா
ஒச்சம்மாள்

மறக்காதே: கயாக் வாங்கியதும் ஒரு புதுப் படம் எடுத்து, காகிதத்தில் போட்டு, தபாலில் அனுப்பு. போனில் வேண்டாம், உங்கப்பன் போனைத் தொடமாட்டான், சுவரில் மாட்டினால் போகவர பார்த்துத்தான் ஆகவேண்டும். கடலில் உட்கார்ந்திருக்கிற படம் வேண்டாம், மீனும் வேண்டாம். கரையில், பக்கத்தில் ஒருத்தரும் இல்லாமல், கயாக்கை நீ தோளில் தூக்கிக்கொண்டு நடக்கிற படம்.