முத்துக்குமாரு மாஸ்டரின் கந்தோர்

9.2.1992
ரியூட்டரி வகுப்புக் கட்டணம் மறுபடியும் கூடிவிட்டது. அறிவித்தலை ஒட்டியவள் நான்தான். கம்பசுக்குப் போக ஆசைப்படும் பிள்ளைகள், வாசித்துவிட்டு உள்ளே போனார்கள். முத்துக்குமாரு மாஸ்டர் ஒருவரே இரசாயனம் படிப்பிக்கும் கிடுகுக் கொட்டில். அதற்கு ஒரு கந்தோர், அந்த அலுவலகத்தில் நாலு பேர்! கட்டண அட்டை எழுத ஒருவர், அதில் முத்திரை குத்த நல்லம்மா அக்கா, சைக்கிள் பார்க்க ஒருவர், கேற்றில் நின்று அட்டையைப் பார்க்க நான்.

10.2.1992
யாரைக் குறை சொல்வது? கடலுக்குப் போகத் தடை வந்து என் கணவர் வலையைச் சுருட்டி வைத்தபோது, நான் மாஸ்டரிடம் போய் நின்றேன். "நாளைக்கே வாரும் பிள்ளை" என்றார். தீவிலிருந்து இடம்பெயர்ந்து வந்த நல்லம்மா அக்காவுக்கும் அதே பதில். இல்லையென்று சொல்ல அந்த மனிசனுக்கு வாய் வராது. எங்கள் சம்பளம் பிள்ளைகளின் தலையில் ஏறுகிறது. தனக்கென்று அவர் ஒரு சதமும் கூட்டவில்லை.

23.2.1992
கூடின கட்டணத்தைக் கட்ட முடியாத கமலாவதியிடம் அட்டை இல்லை. திருப்பி அனுப்பினேன். அதுதானே என் வேலை.

24.2.1992
இன்றும் திருப்பி அனுப்பினேன், அவள் வீட்டுக்குப் போகவில்லை. வேலிக்கு வெளியே ஒழுங்கையில் நின்று, சைக்கிள் சீற்றில் கொப்பியை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். அங்கே மாஸ்டரின் குரல் கேட்கும், கரும்பலகை தெரியாது.

"சமன்பாட்டை என்னெண்டு பிள்ளை காதாலை கேட்டு எழுதுவாய்?"

"பிறகு ஆரிட்டையும் பாத்து எழுதுவன் அக்கா. நீங்கள் போங்கோ, கண்டா உங்களுக்குத்தான் பேச்சு விழும்."

எனக்காக அவள் கவலைப்படுகிறாள். என்ரை சம்பளத்துக்காகத்தானே உவள் வெளியிலை நிக்கிறாள் — இது என்ன ஞாயம்?

2.3.1992
சொல்லிவிட்டேன். "நான் விலகிறன் மாஸ்டர். எனக்குப் பதிலா ஆள் போடாதையுங்கோ. கட்டணத்தைக் குறையுங்கோ."

"உம்மடை மனிசன் செபமாலைக்கும் தொழில் இல்லை. என்னத்தைச் சாப்பிடுவியள்?"

"அப்பம் சுட்டு விப்பன்."

"உம்மை அனுப்பிப்போட்டு மற்றவையை வைச்சிருக்கிறது சரியில்லை" என்றார். கடவுளே, இதை நான் யோசிக்கவேயில்லை.

8.3.1992
கந்தோர் மூடியாயிற்று. கட்டணம் பழையபடி.

15.3.1992
சந்தையில் நல்லம்மா அக்கா. "நீ நல்லபேர் எடுக்க என்ரை அடுப்பை அணைச்சுப்போட்டாய்." சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். பொய்யென்று சொல்ல முடியவில்லை.

11.4.1992
பின்னேரம் மாஸ்டர் கொழும்புத்துறையில் எங்கள் வீட்டைத் தேடி வந்தார். கமலாவதி முன்வாங்கில் இருந்து படிக்கிறாளாம். அதைச் சொல்லத்தான் வந்தார் என்று நினைத்து அப்பம் வைத்துக் கொடுத்தேன்.

"காலமை ஒருத்தர் வேலை கேட்டு வந்தவர் பிள்ளை. குடும்பத்தோடை இடம்பெயர்ந்து வந்த மனிசன். இல்லையெண்டு சொல்லிப்போட்டன்."

அப்பத்தைத் தொடவில்லை. இருந்து அழுதார். இல்லையென்று சொல்ல அவரைப் பழக்கியவள் நான்.