என் பெயரில் ஒரு காலி இருக்கை

டிசம்பர் 8

எங்கள் கல்லூரி அமெரிக்கக் கால்பந்து அணிக்கு ஆறு வருடம் கழித்து ஒரு பௌல் ஆட்டம் கிடைத்திருக்கிறது — சீசன் முடிவில் நன்றாக ஆடிய அணிகளுக்கு மட்டும் கிடைக்கும் ஆட்டம். டெக்சாஸில். கான்சஸிலிருந்து ஒரு பகல் முழுக்கக் கார். என் கணவன் டாரல் மூன்று டிக்கெட் எடுத்துவிட்டான் — அவனுக்கு, அவன் அப்பாவுக்கு, எனக்கு. ஜூனி என் மடியில் உட்கார்ந்துகொள்வாளாம். ஏழு மாதக் குழந்தை!

"அந்தச் சத்தத்துல அவ காது என்ன ஆகும்?"

"பழகிக்குவா. நம்ம ரசிகையாச்சே," என்று சிரிக்கிறான்.

டிசம்பர் 19

இப்போது புது வாதம். டேவியன் ப்ரூக் என்று ஒரு குவார்ட்டர்பேக், பந்தை எறிந்து ஆட்டத்தையே நடத்துகிறவன், பள்ளியில் கடைசி வருடம். ஆட்டம் நடக்கும் ஊருக்குப் பக்கத்தில்தான் வீடு. நம் கல்லூரியும் அவனைக் கூப்பிட்டிருக்கிறது; எந்தக் கல்லூரிக்கு ஆடப் போகிறான் என்று பிப்ரவரியில் சொல்வான். பௌல் ஆட்டத்தில் அரங்கம் காலியாகக் கிடந்தால் நம்மை மதிக்க மாட்டானாம். ரசிகர்களின் இணையதளத்தில் ராப்பகலாக இதே பேச்சு. "வீட்ல உக்காந்து பாக்குறவன்லாம் ரசிகனே இல்ல." மாமனார் வெர்ன் ஞாயிறு சாப்பாட்டில் அதை உரக்கப் படித்தார், என்னைப் பார்த்துக்கொண்டே.

நான் அந்தக் கல்லூரியில் படித்தவள். தோற்றுக்கொண்டே இருந்த நாலு வருடமும் பனியில் நின்று கத்தியவள். டாரலுக்கு அப்போது அணியின் நிறம்கூடத் தெரியாது.

டிசம்பர் 26

ஜூனிக்கு இருமல். நாய் குரைப்பது மாதிரி. மூச்சை இழுக்கும்போது நெஞ்சு உள்ளே குழிகிறது. டாக்டர் வெளியே கொண்டுபோகாதே என்றார். வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

"ஏம்மா கேரா, எல்லாரும் இப்படிச் சொன்னா அரங்கத்தை யாரு நிரப்புறது?" — வெர்ன்.

"உங்க பேத்தி மொதல்ல மூச்சு விடட்டும். அப்புறம் நிரப்பலாம்."

டாரல் பையை எடுத்தான். கிளம்பினான். கிளம்பியே விட்டான்.

டிசம்பர் 28

தோல்வி. பாதி அரங்கம் காலி. அது போகட்டும்.

ரசிகர் தளத்தைத் திறந்தால் — என் இருக்கை! அதன்மேல் என் தொப்பியை வைத்து டாரல் படம் எடுத்துப் போட்டிருக்கிறான். "பொண்டாட்டி சின்ன இருமலுக்குப் பயந்து வரல." கீழே முன்பின் தெரியாத கும்பல். "இந்த மாதிரி ஆளுங்களாலதான் ப்ரூக் நமக்குக் கிடைக்க மாட்டான்."

சின்ன இருமலா? நேத்து விடிய விடிய அவளைத் தோள்ல நிமித்தி வச்சிட்டு உக்காந்திருந்தது யாரு? என் பேரைச் சந்தி சிரிக்க வைக்க நேரம் இருந்துச்சே, குழந்தை எப்படி இருக்கான்னு ஒரு ஃபோன் போட நேரம் இல்லையா?

ஜனவரி 3

படத்தை எடுத்துவிட்டான். நான் கத்திய பிறகு. மன்னிப்பு? "எல்லாரும் விளையாட்டுக்குத்தானே எழுதுறாங்க."

ஜூனி தூங்குகிறாள். நான்தான் அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டு கிடக்கிறேன்.

பிப்ரவரி 4

டிவியில் ப்ரூக். மேஜைமேல் மூன்று கல்லூரித் தொப்பிகள்; எதை மாட்டுகிறானோ அந்தக் கல்லூரிக்குப் போகிறான் என்று அர்த்தம். நம்முடையதை எடுத்துத் தலையில் வைத்தான். வெர்ன் சோபாவிலிருந்து துள்ளிவிட்டார். நிருபர் ஒருவர் அவனைக் கேட்டார்: பௌல் ஆட்டத்தில் பாதி இருக்கை காலியாக இருந்ததே, யோசிக்கவில்லையா?

"அன்னிக்கு மாமாகூட மான் வேட்டைக்குப் போயிட்டேன் சார். காட்டுல சிக்னலே இல்ல. அந்த மேட்சை நான் பாக்கவே இல்லையே."

டாரலைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். வெர்ன் ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டே ரிமோட்டைத் தேடினார்.

மார்ச் 29

ஏப்ரலில் உள்ளூரிலேயே நம் அணியின் பயிற்சி ஆட்டம். கூட்டம் வருமா என்று தளத்தில் அடுத்த சண்டை. யார் யார் வருகிறீர்கள் என்று கேட்டதற்கு டாரல் எழுதியிருக்கிறான்: "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்." ஒருத்தன் "பொண்டாட்டிதாசன்" என்று நக்கலடித்தான். டாரல் பதில் போடவில்லை.

சமையலறை மேஜைமேல் சத்தம் தடுக்கும் காதுமூடி. சிவப்பு. உள்ளங்கை அளவு.

போகலாம் என்று நான் இன்னும் சொல்லவில்லை. ஜூனிக்கு மாட்டி மட்டும் பார்த்தேன். சரியாக இருக்கிறது.